உலகின் தென்கோடியில் ஒரு சலேசியக் கேமரா

சலேசிய மறைபரப்புப் பணியின் 150-ஆம் ஆண்டையொட்டி வெளிவரும் மலர்களில் ஆயர்களுக்கும், பள்ளிகளையும் தொழிற்கூடங்களையும் எழுப்பியவர்களுக்கும், மறைசாட்சிகளுக்கும் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தென் அமெரிக்காவின் கடைக்கோடியைக் கேமராவும் கையுமாகச் சுற்றிவந்த ஒரு குருவைப் பற்றி நம் தமிழ் மலர்களில் ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை. அவர் பெயர் அல்பெர்த்தோ மரியா தே அகோஸ்தினி. குரு, ஆசிரியர், மலையேறி, புவியியலாளர், புகைப்படக்காரர், திரைப்படக்காரர். இத்தனையும் ஒரே அங்கிக்குள் இருந்தன.

அவர் எடுத்த படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு நம் சபையின் முதல் மறைபரப்புத் தளத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. அந்த வரலாற்றில் நாம் பெருமைப்பட வேண்டியதும் உண்டு, தலைகுனிய வேண்டியதும் உண்டு. இரண்டும் அந்தப் படச்சுருள்களில் பதிந்திருக்கின்றன.

கேமரா வருவதற்கு முன்

1875 நவம்பர் 11 அன்று துரின் நகரின் வால்தோக்கோவில், சகாய அன்னை பேராலயத்தில் வைத்து, சபை நிறுவனர் புனித ஜான் போஸ்கோ பத்துப் பேரை வழியனுப்பினார். ஜியோவன்னி கலியேரோ அவர்களுக்குத் தலைவர். மூன்று நாள் கழித்து ஜெனோவாவில் கப்பல் ஏறியவர்கள் டிசம்பர் 14 அன்று புவெனஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களுக்கு ஆன்மிகப் பணி செய்வதே கையில் இருந்த வேலை. தந்தை போஸ்கோவின் மனமோ அதற்கும் தெற்கே, அவர் கனவில் கண்ட படகோனியாவில் இருந்தது.

அங்கே கால்வைக்க நான்கு ஆண்டு பிடித்தது. 1879-இல் அவர்கள் உள்ளே நுழைந்ததும் தனியாக அல்ல. பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கப் புறப்பட்ட ஜெனரல் ஹூலியோ ரோகாவின் படையோடு சேர்ந்துதான் போனார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படையோடு போன மறைபணியாளர்கள் அந்தப் படையின் கொடுமைகளை நேரில் கண்டு வருந்தினார்கள், கைதானவர்களுக்காகப் பரிந்து பேசினார்கள். ஆயினும் சிலுவையும் துப்பாக்கியும் ஒரே பாதையில் வந்ததைப் பார்த்த மக்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

1883-இல் தென் படகோனியாவுக்கும் தியேரா தெல் ஃபுயேகோ தீவுகளுக்கும் திருத்தூதரக ஆளுநராக நியமிக்கப்பட்டவர் தந்தை ஜுசெப்பே ஃபஞானோ. 1886 நவம்பரில் அர்ஜென்டினா அரசின் ரமோன் லிஸ்தா தலைமையிலான ஆய்வுப் பயணத்தோடு அவர் தியேரா தெல் ஃபுயேகோவில் இறங்கினார். சான் செபஸ்தியான் குடா அருகே லிஸ்தாவின் வீரர்கள் அந்தத் தீவின் பூர்வகுடிகளான செல்க்நாம் மக்களில் 28 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதம் தாங்கிய அந்த அதிகாரியின் முன்னால் போய் நின்று ஃபஞானோ அதைக் கண்டித்தார். நம் சபை வரலாற்றில் பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய நிமிடங்களில் அது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

பிறகு ஆட்டுப் பண்ணைகள் வந்தன. ஐரோப்பிய ஆலைகளுக்குக் கம்பளி வேண்டும், கம்பளிக்கு ஆடு வேண்டும், ஆட்டுக்குப் புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளியில் குவானக்கோ என்ற காட்டு விலங்கை வேட்டையாடி வாழ்ந்த செல்க்நாம் மக்கள் ஒரே தலைமுறையில் தம் நிலத்திலேயே அத்துமீறியவர்கள் ஆக்கப்பட்டார்கள். வேலி போட்ட நிலத்தில் ஆட்டைப் பிடித்துத் தின்றால் துப்பாக்கிச் சூடு. கொன்றதற்குக் காதை அறுத்துக் காட்டினால் கூலி தந்த பண்ணைகளும் இருந்தன. 1880 வாக்கில் நான்காயிரம் அளவில் இருந்ததாகக் கருதப்படும் அந்த மக்கள், 40 ஆண்டுக்குள் 300-க்கும் கீழே போனார்கள்.

அவர்களைக் காப்பாற்றவென்று ஃபஞானோ கண்ட வழி, ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பாதுகாப்பது. 1889-இல் டாசன் தீவில் புனித ரபேல் இல்லத்தைத் தொடங்கி, சிலி அரசிடம் 20 ஆண்டு அனுமதியும் பெற்றார். 1893-இல் அர்ஜென்டினாப் பகுதியில் ரியோ கிராந்தே அருகே கன்டெலாரியா இல்லம் எழுந்தது. சலேசிய சகோதரிகளும் உடனிருந்து உழைத்தார்கள். துப்பாக்கியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அங்கே உணவும் உடையும் கூரையும் கிடைத்தன. ஆனால் காசநோயும் அம்மையும் கூடவே வந்தன. திறந்த வெளியில் தோலாடையோடு வாழ்ந்தவர்களை மூடிய அறைகளிலும் நெய்த துணியிலும் நெருக்கிவைத்ததே நோய்க்கு வழிவிட்டது. 1911-இல் டாசன் தீவு இல்லம் மூடப்பட்டபோது, அதை நிரப்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் அதன் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த பணி அது. அதன் முடிவு இதுதான். நம்மவர்கள் யாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் விழா மலர் என்பதற்காக அந்தக் கல்லறைகளை விட்டுவிட்டு எழுத என் மனம் ஒப்பவில்லை.

அந்தத் துயரக் கதையின் கடைசி அத்தியாயத்தில்தான் தே அகோஸ்தினி வந்து சேர்கிறார்.

பொல்லோனேயிலிருந்து புந்தா அரேனாஸுக்கு

1883 நவம்பர் 2-இல் வட இத்தாலியின் பியெல்லா நகருக்கு அருகே பொல்லோனே என்ற மலையடிவார ஊரில் பிறந்தார். பெயரைக் கேட்டதும் இத்தாலிய நிலப்படத் தொகுப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் எண்ணம் வரும். அது சரிதான். தே அகோஸ்தினி புவியியல் நிறுவனத்தை 1901-இல் தொடங்கிய ஜியோவன்னி தே அகோஸ்தினி இவருடைய அண்ணன், 20 வயது மூத்தவர். வீட்டிலேயே நிலப்படம், சன்னலைத் திறந்தால் ஆல்ப்ஸ். இப்படி வளர்ந்த பையன் சலேசியராகி, 1909-இல் குருப்பட்டம் பெற்ற கையோடு மகெல்லன் நீரிணையின் கரையிலிருக்கும் புந்தா அரேனாஸுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த ஊர் அப்போது செழிப்பின் உச்சியில் இருந்தது. பனாமாக் கால்வாய் 1914-இல் திறக்கும்வரை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போன நீராவிக் கப்பல்களுக்கு அதுதான் முக்கியத் துறைமுகம். நம் சபையினர் 1887-இலேயே அங்கு வந்திருந்தார்கள். அவர்கள் நடத்திய சான் ஹோசே கல்விக்கூடத்தில் வானிலை ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மஜியோரீனோ பொர்கத்தெல்லோ என்ற தந்தை 1893-இல் தொடங்கிய அருங்காட்சியகமும் இருந்தது. இன்றும் அவர் பெயரிலேயே அது இயங்குகிறது. பறவைகளைப் பதப்படுத்துவது, மழையை அளப்பது, பூர்வகுடிகளின் கருவிகளைச் சேர்த்துவைப்பது ஆகியவற்றைச் செபத்துக்கும் பாடத்துக்கும் நடுவே இயல்பான வேலையாகக் கருதிய இல்லம் அது. அந்த இல்லத்தின் சூழ்நிலையில்தான் தே அகோஸ்தினியின் கேமரா பிறந்தது. எந்தத் தனித்திறமைக்கும் பின்னால் அதை வீண்வேலை என்று சொல்லாத ஒரு சமூகம் இருக்க வேண்டியிருக்கிறது.

தென்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை கோடை. பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் அவைதான். அந்த மாதங்களில் அவர் கண்ணாடித் தகடு மாட்டும் பெரிய நிழற்படக் கருவி, மூன்றுகால் தாங்கி, கூடாரம், திருப்பலிப் பெட்டி ஆகியவற்றோடு சிறு படகுகளில் புறப்பட்டார். குதிரையும் நடையும் மற்ற துணை. திரைப்படக் கருவியும் பின்னர் அந்தச் சுமையில் சேர்ந்தது.

அந்தச் சுமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய கைப்பேசியில் படமெடுக்கும் தலைமுறைக்கு அது எளிதில் புரியாது. அக்காலத்துத் திரைப்படக் கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். நொடிக்கு 16 படச்சட்டம் அளவில், ஒரே சீராக. கை வேகம் கூடினால் திரையில் மனிதர்கள் ஆமையாக நகர்வார்கள், குறைந்தால் ஓடுவார்கள். 300 மீட்டர் சுருள் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். சுருளோ நைட்ரேட் வகை; தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதை இருட்டுப் பைக்குள் கையை விட்டுத் தடவித் தடவி மாட்ட வேண்டும். உறைபனியில் விரல் மரத்துப்போகும். வெளியே குளிரில் இருந்த கருவியைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி வில்லையில் நீர் படியும். படகோனியக் காற்று மூன்றுகால் தாங்கியை நிற்கவிடாது. அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் ஆட்டத்தைத் தணிக்க முடியும். எல்லாம் முடிந்து எடுத்த காட்சி தேறியதா என்பது சுருள் கடல்கடந்து போய்க் கழுவப்பட்டு வந்த பிறகே தெரியும். மங்கலாக விழுந்திருந்தால் அந்தப் பனிமலை அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.

படப்பிடிப்பு வேலையில் கொஞ்சம் அனுபவம் உள்ளவன் நான். ஒரு காட்சிக்காக மேகம் விலகும்வரை காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தே அகோஸ்தினி காத்திருந்த இடங்களில் மேகம் வாரக்கணக்கில் விலகாது. அவருடைய மலைப் படங்களில் வானம் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கும்போது, அந்த ஒரு மணி நேரத்துக்காக ஈரக் கூடாரத்தில் கழிந்த நாள்களையே நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் அந்த நாள்களை வீணென்று எண்ணியதாகத் தெரியவில்லை. திருப்புகழ்மாலையைக் கையில் வைத்திருக்கும் ஒரு துறவிக்குக் காத்திருத்தல் பழகிய வேலைதானே.

1913-இல் உஷுவாயா நகருக்கு மேலே நிற்கும் ஒலிவியா மலையின் உச்சியை ஆல்ப்ஸ் வழிகாட்டிகளான பெஸ்ஸியோன் சகோதரர்களோடு முதன்முதலில் எட்டினார். அதே காலத்தில் சர்மியெந்தோ மலையையும் முயன்றார். சார்லஸ் டார்வின் கப்பலிலிருந்து பார்த்து வியந்து எழுதிய மலை அது. கடலிலிருந்தே நேராக எழுவது. பெரும்பாலும் முகிலுக்குள் முகத்தை மூடிக்கொண்டிருப்பது. அந்த முயற்சிகள் தோற்றன. அவரோடு ஆய்வுக்கு வந்திருந்த நிலவியல் அறிஞர் தே காஸ்பெரி சில ஆண்டுகளில் முதல் உலகப் போரில் உயிரிழந்தார்.

திரையில் தெரிந்த முகங்கள்

மலையை விட்டு மனிதருக்கு வருகிறேன். மலைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவர் கண்ட மனிதர்கள் இல்லை.

செல்க்நாம், யாகான், கவேஸ்கர் ஆகிய மூன்று பூர்வகுடி மக்களையும் தே அகோஸ்தினி படம் எடுத்தார். 1923-இல் வெளியான தியேரா தெல் ஃபுயேகோ பயண நூலில் அந்தப் படங்களோடு ஒரு குற்றச்சாட்டையும் அச்சிட்டார். இந்த மக்கள் தாமாக அழியவில்லை, பண்ணைக்காரர்களும் தங்கம் தேடி வந்தவர்களும் அவர்களை வேட்டையாடினார்கள் என்று எழுதினார். அந்தப் பண்ணைகளின் செல்வத்தில் செழித்த ஊரில் பணியாற்றிய குரு இப்படி எழுதுவது எளிதான காரியம் அல்ல. அவருடைய படங்களைவிட இந்த நேர்மையையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

பல ஆண்டுகளாக எடுத்த சுருள்களைச் சேர்த்து 1933-இல் அவர் உருவாக்கிய முழுநீள ஆவணப்படம் ‘தெர்ரே மகெல்லானிக்கே’, அதாவது மகெல்லன் நிலங்கள். பனியாறுகளும் கால்வாய்களும் கடற்பறவைகளும் ஆட்டுப் பண்ணைகளும் அதில் வருகின்றன. குவானக்கோத் தோலைப் போர்த்திய செல்க்நாம் குடும்பங்களும் வருகின்றன. வில் வளைக்கும் ஆண்கள், குழந்தையை முதுகில் சுமக்கும் பெண்கள், கேமராவை நேராகப் பார்க்கும் முதியவர்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காட்சிகள் எடுக்கப்பட்ட காலத்தில் எஞ்சியிருந்த செல்க்நாம் மக்களில் பலர் துணியுடை அணிந்து, பண்ணைகளில் கம்பளி கத்தரித்துக் கூலி பெற்று வாழ்ந்தவர்கள். தோல் போர்வையும் வில்லும் கேமராவுக்காக மீண்டும் எடுக்கப்பட்டவை. பழைய வாழ்வை அவர்கள் நடித்துக் காட்டினார்கள். இதனால் படத்தைப் பொய் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே காலத்தில் கனடாவின் இனுயிட் மக்களை வைத்து ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி 1922-இல் வெளியிட்ட ‘நானூக்’ படத்திலும் இதேதான் நடந்தது. நடித்துக் காட்டியவர்களுக்கு அந்த வாழ்வு கதை அல்ல, தம் இளமை. அம்பை எப்படிப் பிடிப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். இன்று நம் இல்லங்களில் இப்படத்தின் பகுதிகளைத் திரையிடுகிறவர்கள், இது நினைவிலிருந்து மீட்டுக் காட்டிய வாழ்வு என்பதையும், அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள் அப்போது கூலித்தொழிலாளிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் நாம் அவர்களை மீண்டும் ஒருமுறை காட்சிப் பொருள் ஆக்கிவிடுவோம்.

அதே தீவில் அதே காலத்தில் இன்னொரு குருவும் கேமராவோடு இருந்தார். இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த மார்ட்டின் குசிந்தே. 1918 முதல் 1924 வரை நான்கு முறை பயணம் செய்து, செல்க்நாம் மக்களின் ‘ஹைன்’ என்னும் பருவச் சடங்கை 1923-இல் உள்ளிருந்து பார்த்தவர். உடலில் வண்ணக் கோடுகள் தீட்டிய ஆவி வேடங்களை அவர் எடுத்த புகைப்படங்கள் இன்று உலகமெங்கும் அறியப்பட்டவை. மானிடவியலாளர்கள் குசிந்தேயைப் பெரிதாகவும் தே அகோஸ்தினியைச் சிறிதாகவும் பேசுவதுண்டு. ஆய்வின் ஆழத்தில் குசிந்தே பெரியவர் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அசையும் படத்தில் ஒரு செல்க்நாம் தாய் நடந்து வருவதை நாம் பார்க்கிறோம் என்றால், அது தே அகோஸ்தினி சுமந்த கருவியால்.

இது மறைபணியா?

அவர் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கும். எழாமல் இருந்திருக்காது. மறைக்கல்வி கற்பிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் ஆள் போதாத ஒரு பணித்தளத்தில், மாதக்கணக்கில் மலையில் கூடாரம் போடும் குருவை இல்லத்தவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவர் எந்தப் பங்கையும் நிறுவியவர் அல்ல. நூற்றுக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் என்ற பெயரும் அவருக்கு இல்லை.

ஆனால் சபைத் தலைவர்கள் அவரைத் தடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1877-இலேயே தந்தை போஸ்கோ ‘சலேசியச் செய்தி மலர்’ என்ற மாத இதழைத் தொடங்கி, மறைபணியாளர்களின் கடிதங்களை அச்சிட்டு, ஐரோப்பியக் குடும்பங்களின் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர். படித்தவர்கள் உதவினார்கள், அவர்களின் பிள்ளைகள் சபையில் சேர்ந்தார்கள். கடிதம் செய்த வேலையைப் பின்னர் புகைப்படமும், புகைப்படம் செய்ததைப் பின்னர் திரைப்படமும் செய்தன. 1925-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் வத்திக்கானில் மறைபணிப் பொருட்காட்சியை நடத்தினார். அச்சகத் தொழிலை ஏழைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தந்த தந்தை போஸ்கோவின் பிள்ளைகள் கேமராவைக் கண்டு மிரளவில்லை என்பதில் வியப்பில்லை.

தே அகோஸ்தினி தம் நூல்களையும் படத்தொகுப்புகளையும் அஞ்சலட்டைகளையும் தொடர்ந்து வெளியிட்டவர். ஆனால் நிதி திரட்டும் கருவி என்ற அளவில் அவர் படங்களை நிறுத்திவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். படைப்பைப் பார்த்துப் படைத்தவரைப் புகழ்வது அவருடைய செபம். ஒடுக்கப்பட்டவரின் முகத்தைப் பார்வையாளர் மறக்க முடியாதபடி பதித்துவைப்பது அவருடைய மறையுரை. இரண்டும் மறைபணிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் குறையாகச் சொல்ல வேண்டும். அவர் படங்களில் நிலம் பேசுகிற அளவுக்கு மக்கள் பேசவில்லை. நிலப்படத்தில் தம் பயணத்தடத்தைத் துல்லியமாகக் குறித்தவர், படத்தில் நின்ற பலரின் பெயரைக் குறிக்கவில்லை. அக்காலத்தின் வழக்கம் அது. இருந்தாலும் இழப்பு இழப்புதான்.

முதுமையிலும் மலை

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1931-இல் நிலவியல் அறிஞர் எஜிதியோ ஃபெருலியோவோடும் இரண்டு வழிகாட்டிகளோடும் தென் படகோனியப் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். 1941-இல் ‘அந்தெஸ் பத்தகோனிக்கோஸ்’ என்ற பெருநூல் ஸ்பானிய மொழியில் வந்தது. 1943 டிசம்பர் 17 அன்று, 60 வயதில், 3,706 மீட்டர் உயரமுள்ள சான் லொரென்சோ மலையின் உச்சியில் பரிலோச்சே மலையேற்றக் கழகத்தைச் சேர்ந்த இரு இளைஞர்களோடு நின்றார். அதற்கு முன்பு பலமுறை அதே மலை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது.

சர்மியெந்தோவை அவர் விடவில்லை. இத்தாலியிலிருந்து ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு 72 வயதில் மீண்டும் அங்கே போனார். 1956 மார்ச் 7 அன்று கார்லோ மவுரியும் கிளெமெந்தே மஃபேயியும் உச்சியை எட்டினார்கள். அவர் கீழே முகாமில் இருந்தார். முதல் முயற்சிக்கும் இதற்கும் நடுவே 40 ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. இரண்டு உலகப் போர்களும், அவர் படமெடுத்த மக்களில் பெரும்பாலோரின் மரணமும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். 1960-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று துரின் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

1965-இல் சிலி அரசு தியேரா தெல் ஃபுயேகோவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 14,600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. துரின் நகரின் தேசிய மலை அருங்காட்சியகம் அவர் படைப்புகளைப் பேணிவருகிறது.

செல்க்நாம் மக்கள் முற்றிலும் அழிந்துவிட்டார்கள் என்று பல நூல்கள் எழுதிவிட்டன. அது உண்மை அல்ல. அவர்களின் வழித்தோன்றல்கள் அர்ஜென்டினாவிலும் சிலியிலும் இருக்கிறார்கள். சிலி நாடாளுமன்றம் 2023-இல் செல்க்நாம் மக்களை நாட்டின் மூலகுடிகளில் ஒன்றாகச் சட்டப்படி ஏற்றது. யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி கிறிஸ்தினா கால்தெரோன் 2022-இல் மறைந்தார், ஆனால் அவர் குடும்பத்தாரும் இனத்தாரும் இருக்கிறார்கள். தே அகோஸ்தினி எடுத்த படங்கள் இனி முதலில் அவர்களுக்குச் சொந்தம், பிறகுதான் நமக்கு. பாட்டியின் முகத்தைத் தேடி வருகிறவருக்கு எந்தக் காப்பகமும் கட்டணச் சீட்டை நீட்டக் கூடாது.

நம் மண்ணுக்கு ஒரு வேண்டுகோள்

தே அகோஸ்தினி குருமாணவராக இருந்த காலத்திலேயே, 1906 ஜனவரியில், தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையிலான முதல் சலேசியக் குழு தஞ்சாவூரில் வந்து இறங்கியது. அனாதைச் சிறுவர்களுக்கு இல்லம், தொழிற்பயிற்சி, பள்ளி என்று வேலை தொடங்கியது. 1928-இல் தந்தை யூஜின் மெதர்லே சென்னைப் பேராயர் ஆனதும் வட ஆற்காட்டுப் பக்கம் பணி விரிந்தது. பின்னர் அதே பேராயர் இருக்கையில் லூயி மத்தியாஸ் 30 ஆண்டு அமர்ந்தார். படகோனியாவுக்குப் புறப்பட்டவர்களும் நம்மிடம் வந்தவர்களும் வால்தோக்கோவின் ஒரே முற்றத்திலிருந்து கிளம்பியவர்கள்தான். அங்கே நடந்ததைப் போலவே இங்கேயும் யாரோ ஒருவர் கையில் கேமரா இருந்திருக்கிறது. பழைய இல்லங்களின் அலமாரிகளில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் படங்களை நானே பார்த்திருக்கிறேன். வாத்தியக் குழு, கால்பந்தாட்டம், தச்சுக்கூடம், புதுநன்மைப் பிள்ளைகள். பின்பக்கம் திருப்பினால் எழுத்து இல்லை. முன்வரிசையில் நாற்காலியில் இருக்கும் வெள்ளைக்காரத் தந்தையின் பெயர் எப்படியாவது தெரிந்துவிடுகிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் பெயர் தெரிவதில்லை.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்களிடமும், பங்கு மக்களிடமும், ஓய்வில் இருக்கும் தந்தையரிடமும் சகோதரியரிடமும் நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில் பழைய பள்ளிப் படம் இருந்தால், அதிலுள்ளவர்களின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தெரிந்தவரை பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் உறைபோட்டு ஒட்டி மூடாதீர்கள். திரைப்படச் சுருள் இருந்து அதில் புளித்த காடி வாடை வந்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றச் சுருள்களிலிருந்து பிரித்துக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆசைக்குக்கூட ஒருமுறை ஓட்டிப் பார்க்காதீர்கள். வீடியோ கேசட்டுகளுக்கு இன்னும் சில ஆண்டுகளே ஆயுள். இவை அனைத்தையும் உங்கள் ஊர் சலேசிய இல்லத்தின் வழியாகச் சபையின் மாநில ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். மூலத்தைத் தர மனமில்லையென்றால் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பெயர்களை எழுதுங்கள். அவற்றை அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதுங்கள்.